திருகோணமலையிலிருந்து நாகப்பட்டினம்: போகும் வழியும் பார்க்கும் முறையும்

நாகப்பட்டினத்துக்குப் போய்வந்த எங்கள் திருகோணமலைக்காரர்களிடம் விசாரித்தால், பெரும்பாலானவர்கள் "அங்கே பார்க்க ஒன்றும் இல்லை" என்றுதான் சொல்வார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்த்தி வைத்துப் போனவர் மாதா கோவிலோடும், நாகூருக்குப் போனவர் தர்காவோடும் திரும்பிவிடுகிறார்; இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நாகை நகரம் பேருந்துச் சன்னலுக்கு வெளியே கடந்துபோகிறது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கோணேசர் கோவில் நிற்கும் சுவாமி மலையும் கோட்டையும் உட்துறைமுகமும் கண்ணெதிரே நிற்க வளர்ந்தவர்களுக்கு, மலையோ பாறையோ குடாவோ இல்லாத ஒரு நேர்கோட்டு மணற்கரையில் எதைத் தேட வேண்டும் என்று தெரிவதில்லை. நானும் முதல் முறை அப்படித்தான் அரை நாளில் திரும்பினேன்.

இரண்டாம் முறை போகும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போனேன்: இந்த ஊரில் கப்பல் எங்கே நின்றது? திருகோணமலையில் இந்தக் கேள்விக்கு விடை சொல்லச் சிறுபிள்ளை போதும். மலைகளால் சூழப்பட்ட ஆழமான துறைக்குள் எந்தக் காற்றிலும் கப்பல் அசையாமல் நிற்கும். நாகையில் அப்படி ஓர் இடமே இல்லை. கப்பல் கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் நங்கூரம் போட, ஆட்களும் நெல்லும் துணியும் படகுகளில் ஏறி இறங்கின. ஆனால் அந்தக் கரைக்குப் பின்னால் காவிரிப் படுகை முழுவதும் விரிந்து கிடக்கிறது. எங்களிடம் துறை இருந்தது, பின்னால் காடு இருந்தது. அவர்களிடம் வயல் இருந்தது, முன்னால் அடைக்கலம் இல்லாத கடல் இருந்தது. நாகையின் ஆயிரம் ஆண்டு வரலாற்றை இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே படித்துவிடலாம்.

எப்போது போவது, எப்படிப் போவது

காலத்தைத் தெரிவதில் பிழை விட்டால் மற்ற ஏற்பாடுகள் எல்லாம் வீணாகும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வாடைக்காற்றும் மாரி மழையும் எங்கள் கரையைப் போலவே நாகைக் கரையையும் அடிக்கின்றன. புயல்களும் அந்த மாதங்களில்தான் வருகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். ஏப்பிரல் 15 முதல் யூன் 14 வரையான 61 நாட்களும் இந்தியாவின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஆதலால், அப்போது போனால் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் படகுகளைத்தான் பார்க்கலாம். சனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை போவதே என் கணக்கில் சிறந்தது. அறுவடை முடிந்த வயல்களையும் காணலாம், வெயிலும் பொறுக்கக்கூடியதாக இருக்கும்.

கடல்வழியாகப் போக விரும்புவோருக்குக் காங்கேசன்துறையிலிருந்து கப்பல் உண்டு. 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கிய அந்தச் சேவை சில நாட்களிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. மாரியில் நிறுத்தப்படுவதும் பின்னர் தொடங்குவதுமாக இருப்பதால், ஓடுகிறதா என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே விடுப்புக்கு விண்ணப்பியுங்கள். பாக்கு நீரிணையைக் கடக்க ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் ஆகும். திருகோணமலையிலிருந்து ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேரவே ஒரு பகல் கழிந்துவிடும் என்பதால், முதல் நாள் இரவு யாழ்ப்பாணத்தில் தங்கி மறுநாள் கப்பலேறுவதே புத்தி. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் நீரிணை குலுக்கும். வயிறு இளகியவர்கள் வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது, வயிறு முட்டவும் ஏறக் கூடாது.

இந்திய விசா இல்லாமல் கப்பலேற முடியாது. இணையவழி விசா எடுப்பவர்கள், அது செல்லுபடியாகும் விமான நிலையங்கள், துறைமுகங்களின் பட்டியலில் தாங்கள் இறங்கப்போகும் இடம் இருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்க்க வேண்டும். வானூர்தியை நம்புவோருக்குத் திருச்சிராப்பள்ளி வசதியானது; அங்கிருந்து தஞ்சாவூர், திருவாரூர் வழியாகத் தொடருந்திலோ பேருந்திலோ நாகை வந்துசேரலாம். அந்தப் பாதையில் வந்தால் படுகையைக் கண்ணால் அளந்துகொண்டே வரும் நன்மையும் உண்டு. இந்திய ரூபாயைப் புறப்படும் முன்பே மாற்றிச் சிறு தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தேநீர்க் கடையில்கூட எல்லோரும் கைபேசியை நீட்டிப் பணம் கட்டுகிறார்கள். எங்கள் வங்கிக் கணக்கு அதற்கு உதவாது, ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறையும் கிடைக்காது.

மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழ்தானே என்று அசட்டையாக இருந்துவிட முடியாது. கடுவையாற்றுப் பாலத்தருகே வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் "ஐயா, கொஞ்சம் கதைக்கலாமா?" என்று கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்ன கதை தம்பி?" என்றார். பிறகு "சிலோனா?" என்று அவரே கேட்டு, பக்கத்தில் கிடந்த பெட்டியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார். முச்சக்கர வண்டி என்றால் எவருக்கும் விளங்காது, ஆட்டோ என்று கேளுங்கள். தேத்தண்ணியை டீ என்று கேளுங்கள். மற்றபடி எங்கள் பேச்சே அங்கே நல்ல அறிமுகச் சீட்டு.

முதல் நாள்: கரையில் நில்லுங்கள்

கோவில்களை மறுநாளுக்கு வைத்துக்கொண்டு, வந்த அன்று மாலை கடுவையாறு கடலில் விழும் இடத்துக்குப் போங்கள். துறைமுகமும் வெளிச்சவீடும் அங்கேதான் இருக்கின்றன. ஆற்றுவாய் எவ்வளவு சிறியது என்பதையும், அதற்கு அப்பால் கடல் எவ்வளவு திறந்து கிடக்கிறது என்பதையும் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. 1861 அளவில் இங்கிருந்து தஞ்சாவூருக்குத் தண்டவாளம் போட்டது, அந்த இரயில்வே நிறுவனத்தின் தலைமையகமே தொடக்கத்தில் இங்கு இருந்தது, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன 'ரஜூலா' போன்ற கப்பல்கள் 20ஆம் நூற்றாண்டிலும் இங்கே தரித்துப் போனது எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கப்பல்களும் கடலில்தான் நின்றன. பெட்டி படுக்கையோடு குடும்பங்கள் படகில் ஏறி அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பலைத் தொட்டன.

இந்தக் குறைதான் எங்கள் ஊரையும் அந்த ஊரையும் ஒரே போருக்குள் இழுத்தது. நாகையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் 1658இல் பிடித்தார்கள். 1690இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலத் தலைமையை அங்கே மாற்றினார்கள். 1781 நவம்பரில் பிரித்தானியர் அதைக் கைப்பற்றினார்கள். வாடை தொடங்கினால் அந்தக் கரை நெடுகிலும் போர்க்கப்பல் ஒதுங்க இடமில்லை என்பது கடலோடிகள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே 1782 சனவரித் தொடக்கத்தில் பிரித்தானிய அட்மிரல் ஹியூஸ் நாகையிலிருந்து நேரே திருகோணமலைக்குப் பாயெடுத்து, அந்த மாதம் 11ஆம் திகதி எங்கள் துறையைக் காத்த ஒஸ்டன்பர்க் கோட்டையைப் பிடித்தார். யூலை 6 அன்று நாகைக்கு வெளியே அவருக்கும் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேனுக்கும் கடற்போர் நடந்தது. ஓகஸ்ட் கடைசியில் சுஃப்ரேன் திருகோணமலையைப் பறித்துக்கொண்டார். செப்டெம்பர் 3 அன்று எங்கள் துறைக்கு வெளியே இருவரும் மறுபடியும் மோதினார்கள். பிறகு 1784இல் உடன்படிக்கை எழுதும்போது நாகை பிரித்தானியரிடம் நின்றது, திருகோணமலை ஒல்லாந்தரிடம் திரும்பியது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வைத்துக்கொண்ட அந்தக் கணக்கை எங்கள் பள்ளிக்கூடங்களில் யாரும் சொல்லித்தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஐந்து கொத்தளங்கள் கொண்டதால் 'ஐம்புலன்' என்று ஒல்லாந்தர் பெயரிட்ட நாகைக் கோட்டை இன்று இல்லை. எங்களூர் பிரெட்றிக் கோட்டை வாசலைப் போல ஒன்றை எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டம் மிஞ்சியிருக்கிறது. ஒரு மணித்தியாலம் இருந்தால் போய்ப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பெரிய இழப்பில்லை.

இரண்டாம் நாள்: மூன்று வாசல்கள்

நாகையில் மூன்று மதத்தவருக்கும் பேர்போன இடங்கள் இருப்பதை 'மத நல்லிணக்கம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். நான் அங்கே கவனித்தது வேறு. மூன்று இடத்திலும் சொல்லப்படும் கதை கடலைப் பற்றியது. அதிலும் இரண்டு, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றிய கதை. ஒதுங்கத் துறை இல்லாத கரையில் வாழ்ந்தவர்கள் தங்கள் அடைக்கலத்தைக் கோவிலிலும் தர்காவிலும் கட்டிக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த வரிசையில் போய்ப் பாருங்கள், உங்களுக்கும் தோன்றக்கூடும்.

காலையில் நகருக்குள் காயாரோகணேசுவரர் கோவில். நீலாயதாட்சி அம்மன் பெயரால் ஊரார் அதை அழைப்பதே அதிகம். எங்கள் கோணமலையைப் பாடிய சம்பந்தர் இந்தத் தலத்தையும் பாடியிருக்கிறார். ஆனால் இங்கே நீங்கள் கேட்டறிய வேண்டியவர் அதிபத்த நாயனார். அறுபத்துமூவரில் ஒருவரான அவர் நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் மீன்பிடித்து வாழ்ந்தவர். நாள்தோறும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுவது அவர் நியமம். பல நாள் ஒரே ஒரு மீன் மட்டும் படத் தொடங்கியது. அதையும் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தார். கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் பட்டபோது அதையும் கடலிலே விட்டார். ஆவணி மாதத்தில் கடற்கரையில் பொன்மீனோடு நடக்கும் விழா அவருக்கானது. எங்களூர் மீனவர் குடியிருப்பான திருக்கடலூரைச் சேர்ந்தவர் யாராவது கூடவே வந்தால் இந்தக் கோவிலை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பாடு கிடைக்காத நாள் எப்படியிருக்கும் என்பதை அவர்கள் உங்களுக்கு நன்றாகச் சொல்வார்கள்.

அங்கிருந்து வடக்கே சில கிலோமீற்றர் தள்ளி நாகூர். தர்காவின் ஐந்து மனோராக் கோபுரங்களில் உயரமானது 131 அடி; அதைக் கட்டித் தந்தவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அங்கே அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவர் ஓட்டை விழுந்த கப்பலைத் தம் முகம் பார்க்கும் கண்ணாடியை எறிந்து அடைத்துக் காப்பாற்றினார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இந்த வாசல் புதிதாக இராது. அங்கே ஏறும் கொடி இவர் பெயரால் ஏறுவது. உள்ளே போகும்போது காணிக்கைக் கடைகளில் நின்று பாருங்கள். தகட்டில் அடித்த கை, கால், வீடு என்பவற்றின் நடுவே படகுகளும் கிடக்கும். யாருக்கு எது வேண்டுமோ அதை வாங்கிச் செலுத்துகிறார்கள்.

தர்காத் தெருவை விட்டு வெளியே வருமுன் ஒரு வாடா தின்னாமல் வராதீர்கள். எங்கள் கடற்கரையில் விற்கும் இறால் வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம்: அரிசி மாவைத் தட்டி, நடுவில் வெங்காயம் பொதிந்து, மேலே தோலோடு இறாலைப் பதித்துப் பொரிப்பார்கள். எங்களுடையது பருப்பு, அது கரகரக்கும்; இது வெளியே மொறுமொறுப்பும் உள்ளே இளக்கமுமாக இருக்கும். ஆறினால் நன்றாயிராது. எது திறம் என்ற வழக்கை நான் தீர்க்கப்போவதில்லை.

பிற்பகலில் தெற்கே வேளாங்கண்ணி. புயலில் சிக்கிக் கரைசேர்ந்த போர்த்துக்கேய மாலுமிகள் எழுப்பிய கோவில் என்பது அதன் கதை. 1962இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டெம்பர் 8 திருநாள் வரை கூட்டம் சொல்ல முடியாது. நேர்த்தி இருந்தால் அப்போது போங்கள், பார்க்கப் போவதென்றால் அந்த நாட்களைத் தவிருங்கள். நடுத்திட்டு என்ற சிற்றாலயத்துக்குப் போகும் மணற்பாதையில் முழங்காலில் நடந்து போகிறவர்கள் எந்த நாளிலும் இருப்பார்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள்: அக்கரைப்பேட்டை

இன்றைய நாகையைப் பார்க்க விடியற்காலையில் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள அக்கரைப்பேட்டைக்கும் கீச்சாங்குப்பத்துக்கும் போக வேண்டும். 2004 டிசெம்பர் 26 அன்று வந்த சுனாமியில் தமிழ்நாட்டில் மிகப் பெரிய இழப்பு நாகை மாவட்டத்துக்குத்தான். 6,000 பேருக்கு மேல் அங்கே மாண்டார்கள். எங்கள் பக்கத்துக் கிண்ணியாவில் வைத்தியசாலையே கடலோடு போன அதே காலை அது. அந்தக் குப்பங்களில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு, திருகோணமலை என்று சொன்னால், "உங்களுக்கும் வந்ததுதானே" என்பார்கள். அதற்கு மேல் நீங்களாகக் கிளற வேண்டாம். அவர்கள் சொன்னால் கேளுங்கள்.

இன்னொன்றையும் அறிந்துகொண்டு போக வேண்டும். அங்கே வரிசையாக நிற்கும் விசைப்படகுகளில் பல, கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடி போடுபவை. எல்லை தாண்டி வந்து வடக்கு மீனவரின் வலைகளை அறுப்பவை என்று நாங்கள் கோபப்படுவது அந்தப் படகுகளை நினைத்துத்தான். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அக்கரைப்பேட்டையில் இதே கதையின் மறுபக்கத்தைக் கேட்பீர்கள்: பிடிபட்ட படகு, சிறையில் இருக்கும் மகன், அடைக்க முடியாத கடன். வாதாடப் போகாதீர்கள், ஆனால் நயினாதீவிலும் பருத்தித்துறையிலும் சிறுவலைக்காரர் படும் பாட்டைச் சொல்லாமலும் வந்துவிடாதீர்கள். நான் சொன்னபோது அந்த வலை பொத்திய பெரியவர் மறுத்துப் பேசவில்லை. "மடி அடியைச் சுரண்டுது, எனக்குத் தெரியாதா" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தார்.

நகருக்குத் தெற்கேயும் வடக்கேயும் நேரமிருந்தால் போகக்கூடிய இடங்கள் உண்டு. பனங்குடியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று இயங்கி வந்தது என்பது எங்களூர்ச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சுவையான செய்தி, ஆனால் வெளியிலிருந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை. தரங்கம்பாடி மட்டும் தனிப் பயணத்துக்குத் தகும். டேனிய நாட்டு ஓவே கெட்டே 1620இல் முதலில் வந்தது திருகோணமலைக்கு; கண்டி அரசனோடு பேசி இங்கே கோட்டை கட்டத் தொடங்கி, அது சரிவராமல் போகவே தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றுக்கொண்டார். இங்கே நின்றிருக்க வேண்டிய கோட்டை அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கிறது.

நாகையில் இல்லாததைப் பார்ப்பது

நாகையின் மிகப் பழைய பெருமையை நாகையில் பார்க்க முடியாது. ஸ்ரீவிஜய மன்னர் சூளாமணிவர்மர் பெயரால் அவர் மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் அங்கே எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, இராஜராஜ சோழன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 அளவில், ஆனைமங்கலம் என்ற ஊரை விட்டுக்கொடுத்தான். அதைச் சொல்லும் 21 செப்பேடுகள் ஒல்லாந்தர் காலத்தில் நெதர்லாந்துக்குப் போனதால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன. விகாரத்தோடு சேர்ந்ததாகக் கருதப்படும், புதுவெளிக் கோபுரம் என்று ஊரார் அழைத்த செங்கல் கோபுரம் ஒன்று 1867 வரை நின்றது, பிறகு இடித்துவிட்டார்கள். மண்ணிலிருந்து கிடைத்த ஏறத்தாழ 350 புத்தர் செப்புத் திருமேனிகளில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சென்னை வழியாகத் திரும்புகிறவர்கள் அதற்கென ஒரு முற்பகலை ஒதுக்குங்கள்.

சென்னைக்குப் போகாதவர்கள் ஊருக்குத் திரும்பியதும் ஒரு வேலை செய்யலாம். குலோத்துங்கன் காலத்துச் சிறிய லெய்டன் செப்பேடு நாகையில் இருந்த பள்ளி, அதாவது பௌத்த விகாரம், ஒன்றை 'இராஜராஜப் பெரும்பள்ளி' என்று குறிப்பிடுகிறது. அதே பெயரில் ஒரு பள்ளி திருகோணமலைக்கு வடமேற்கே பெரியகுளத்துப் பக்கத்தில் இருக்கிறது. வெல்கம் விகாரை என்று அறியப்படும் அங்கே, விளக்கெரிக்கவும் பசுக்களைத் தானம் செய்யவும் சோழர் காலத்தில் தமிழில் வெட்டிய கல்வெட்டுகள் நிற்கின்றன. காலை ஏழு மணிக்கு முன் போய்ச் சேருங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்துகள் நிழல் பிடித்து மேலெழுந்து தெரியும். ஒன்பது மணிக்குப் பிறகு கல் முழுதும் ஒரே வெளிச்சமாகி எழுத்து மறைந்துவிடும். தண்ணீர் ஊற்றியோ சுண்ணாம்பு தேய்த்தோ படிக்க முயல வேண்டாம்; விரலைக்கூட வைக்காமல், பக்கவாட்டில் குந்தியிருந்து பாருங்கள்.